ஆற்றங்கரைச் சரிவில் தாழ்ந்து படரும் வில்லோவை நடலாமா? நம் ஆற்றுக்கு உரிய செடி எது?

கேள்வி (திருவட்டார்)

அனைவருக்கும் வணக்கம். பரளியாற்றின் கரையை ஒட்டி எங்களுக்கு முப்பது சென்ட் விளை இருக்கிறது. மேட்டில் தென்னையும் வாழையும் நிற்கின்றன. ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் ஏறக்குறைய ஆறு சென்ட் இடம்தான் எனக்குக் கவலை தருகிறது. 2021 நவம்பரில் வந்த பெருவெள்ளத்தில் அந்தச் சரிவில் நின்ற இரண்டு காய்க்கும் தென்னைகள் வேரோடும் மண்ணோடும் போய்விட்டன. அதன் பிறகு, பாம்பு அடையும் என்ற அச்சத்தால் ஆண்டுக்கு நான்கு முறை இயந்திரம் வைத்துப் புல்லைச் செதுக்கி வந்தோம். அதனால் மண் வெறுமையாகி, ஒவ்வொரு கனமழைக்கும் கரை ஒரு சாண் அளவு உள்ளே வருகிறது.

உறவினர்கள் கருங்கல் சுவர் கட்டிவிடச் சொல்கிறார்கள். செலவு ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் செங்குத்தான மண்ணில்தான் மீன்கொத்தி பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கிறது. விடியற்காலையில் கானாங்கோழி தன் கறுத்த குஞ்சுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு நீருக்கு இறங்கும் வழியும் அதுதான். சுவர் எழும்பிவிட்டால் இவை எங்கே போகும்?

இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் என் மகள், அங்கே கடற்கரை மணல்மேட்டில் எடுத்த ஒரு படத்தை அனுப்பினாள். முழங்கால் உயரத்தில், வெள்ளி பூசியதுபோன்ற சிறு இலைகளோடு, தரையை முழுவதும் மூடிப் படர்ந்திருக்கிறது ஒரு புதர். படரும் வில்லோ என்பது அதன் பெயராம். அந்த நாட்டுக்கே உரிய செடி என்றும், வசந்தத்தின் தொடக்கத்தில் வேறு பூக்கள் குறைவாக இருக்கும்போது தேனீக்களுக்கு அதுவே உணவு தருகிறது என்றும், அதனால் தோட்டங்களில் தரைமூடியாக விரும்பி நடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். குச்சியை ஒடித்து ஊன்றினாலே வேர் பிடிக்குமாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போது பத்துக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாள்.

அது இங்கே பிழைக்குமா? பிழைக்காது என்றால், அதே வேலையைச் செய்யக்கூடிய, நம் மண்ணிலேயே பிறந்த தாழ்ந்த வில்லோ ஏதேனும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1 (குலசேகரம்)

ஐயா, வணக்கம். சுவரை வேண்டாம் என்று நினைத்த உங்கள் மனத்துக்கு முதலில் என் நன்றி.

மகளிடம் குச்சிகளைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதற்காரணம் சட்டம். வெளிநாட்டிலிருந்து நடுவதற்கான செடியையோ குச்சியையோ கொண்டுவர, இறக்குமதி அனுமதியும் அந்நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை கூறுகிறது. ஈரத்துணிக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் புழுவும் வந்துவிடும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இரண்டாவது காரணம் அந்தச் செடியின் இயல்பு. படரும் வில்லோ ஐரோப்பாவின் குளிர்ந்த புல்வெளிகளிலும், ஈரம் தங்கும் மணல்மேட்டுப் பள்ளங்களிலும் வளர்வது. குளிர்காலத்தில் இலையை உதிர்த்து உறங்கி, குளிர் விலகும்போது பூப்பது அதன் ஒழுங்கு. திருவட்டாரில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உறக்கமே கிடைக்காத அந்தச் செடி நம் ஆனி, ஆடி மழையில் அழுகி மடிவதற்கே வாய்ப்பு அதிகம்.

நம் நாட்டுக்கும் ஒரு வில்லோ இருக்கிறது. ஆற்றுப்பாலை என்றும் வஞ்சி என்றும் சொல்வது அதைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் இயல்பாக வளர்கிறது. (சங்கப் பாடல்களில் மண்ணைக் கொள்ளப் புறப்படும் படை சூடிய வஞ்சி இதுதானா, அல்லது ஒரு கொடியா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு மரமாக இருக்கவே ஆசை.) ஆனால் அது தாழ்ந்து படரும் புதர் அன்று, நன்றாக வளர்ந்து நிற்கும் மரம். அடியோடு வெட்டிவிட்டால் பல கிளைகளாகத் துளிர்க்கும் என்பது உண்மையானாலும், ஆறு சென்ட் சரிவை மூடுவதற்கு அதை நம்ப முடியாது. கரையின் ஒரு மூலையில் ஒன்றிரண்டு நிற்கட்டும். ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு என்பதால் இரண்டு வகையும் அமைந்தால்தான் விதை பிடிக்கும். அந்த விதையும் சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே குச்சியை ஊன்றுவதே வழி.

நீங்கள் தேடும் செடி உங்கள் ஆற்றிலேயே நிற்கிறது என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. காட்டலரி என்று அதற்குப் பெயர். நம் பக்கத்தில் மலையாளம் பேசுவோர் ஆற்றுவஞ்சி என்பார்கள். இலையைப் பார்த்தால் வில்லோ என்றே தோன்றும். வஞ்சி என்ற பெயரும் அந்தச் சாயலால் வந்ததாக இருக்கலாம். ஆனால் இது ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. மழைக்காலம் முழுவதும் வெள்ளத்துக்குள் மூழ்கிக் கிடந்து, கோடையில் காய்ந்த பாறையிடுக்கில் வெயிலைத் தாங்கி நிற்கும் செடிகள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. பெரும்பாலும் ஆளுயரத்துக்குள் நிற்கும். வெள்ளம் அடிக்கடி அழுத்தும் இடத்தில் இடுப்பளவிலேயே படுத்துப் பரவும்.

திற்பரப்புக்கு மேலே கோதையாற்றின் பாறைப்படுகையில், வெள்ளம் வடிந்த மறுநாள் நான் இதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்டுகள் எல்லாம் நீர் போன திசையில் சாய்ந்து கிடந்தன. ஒன்றுகூட ஒடியவில்லை. வாழைச்சருகும் தென்னஞ்சோகையும் அவற்றில் சிக்கித் தொங்கின. ஒவ்வொரு புதருக்கும் பின்னால், நீரின் வேகம் தணிந்த இடத்தில், கை அகலத்துக்குப் புதுமணல் படிந்திருந்தது. அந்த மணலைக் கிளறினேன். முந்தைய ஆண்டு புதைந்த கிளை ஒன்று கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டிருந்தது. வெள்ளம் கொண்டுவரும் மண்ணைப் பிடித்து, அதிலேயே வேரூன்றித் தன் கரையைத் தானே கட்டிக்கொள்கிறது இந்தச் செடி. கருங்கல் சுவரால் அது முடியாது. நீர் மோதித் திரும்பும் வேகத்தில் சுவரின் அடியும், அண்டை விளைக்காரரின் கரையும்தான் அரிக்கும்.

உயிர்களுக்கு என்ன பயன் என்றால், நீரில் தாழ்ந்து கிடக்கும் அதன் கிளைகளுக்கும் வேர்களுக்கும் இடையே மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன. தட்டான்கள் இளம்புழுப் பருவத்தை நீருக்குள் முடித்து, மேலேறித் தோல் கழற்ற அந்தத் தண்டுகளைப் பற்றுகின்றன. உங்கள் கானாங்கோழிக்கும் தலைக்கு மேல் ஒரு மறைவு கிடைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மீன்கொத்தி பொந்து வைக்கும் அந்தச் செங்குத்து முகத்தில் ஒரு பாகம் அளவாவது எதையும் நடாமல் வெறுமையாகவே விட்டுவிடுங்கள். அதற்குத் திறந்த மண்சுவர் வேண்டும்.


மறுமொழி 2 (மார்த்தாண்டம்)

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். தரைமூடி என்ற சொல்லைக் கண்டதும் என் தவறு ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஓடும் சானல் கரைக்காக ஒரு நாற்றுப்பண்ணையில் செடி கேட்டேன். விரைவாகப் படரும், ஆண்டு முழுவதும் பூக்கும், தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி, மஞ்சள் பூ பூக்கும் வெடேலியா என்ற கொடியைத் தந்தார்கள். அவர்கள் சொன்னது எல்லாம் உண்மைதான். ஓராண்டில் கரை முழுவதும் பச்சைக் கம்பளமாயிற்று. இரண்டாம் ஆண்டில் அங்கே தானாக முளைத்து வந்த வல்லாரை, நீர்முள்ளி, பொடுதலை ஒன்றையும் காணவில்லை. மூன்றாம் ஆண்டில் பக்கத்து விளைக்குள் போய்விட்டது. பிடுங்கிப் போட்ட கொடியின் ஒரு கணு ஈரமண்ணில் பட்டாலும் மறுபடி துளிர்க்கும் என்பதை அறியாமல், பிடுங்கியதைச் சானலிலேயே எறிந்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. தண்ணீர் போன வழியெல்லாம் அது போயிருக்கும்.

அது நடு அமெரிக்கா, கரீபியப் பகுதிகளிலிருந்து வந்த செடி என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அதன் உடன்பிறப்புப் போன்ற நாட்டுச்செடி நம்மிடமே இருக்கிறது. அது மஞ்சள் கரிசலாங்கண்ணி. இரண்டையும் பிரித்தறிய இலையைப் பாருங்கள். வெளிநாட்டுக் கொடியின் இலை விளிம்பில் இருபுறமும் பிதுங்கி மூன்று மடல்போல இருக்கும், பளபளப்பு அதிகம். நம் கரிசலாங்கண்ணியின் இலை மடலின்றி நீண்டு குறுகி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். நாற்று வாங்கும்போது பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராக விதைக்கும் முக்குனா கொடியையும் யாராவது உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். அது மண்ணைக் காப்பதும் தழைச்சத்து சேர்ப்பதும் மெய். ஆனால் கவனிப்பு இல்லாத கரையில் விட்டால் மரத்தின் உச்சி வரை ஏறி மூடிவிடும். தயவுசெய்து அதை ஆற்றோரம் கொண்டுவராதீர்கள்.


மறுமொழி 3 (இராஜாக்கமங்கலம்)

மகள் அனுப்பிய படம் மணல்மேட்டில் எடுத்தது என்று எழுதியிருந்ததால் ஒரு சொல். அந்த நாட்டு மணல்மேட்டில் படரும் வில்லோ செய்யும் பணியை, நம் கடற்கரையில் அடம்பும் இராவணன் மீசையும் செய்கின்றன. ஆட்டுக்குளம்பு வடிவ இலையுடைய அடம்பங்கொடி மணலுக்கு மேலே ஓடி, கணுதோறும் வேரூன்றிப் பிடிக்கிறது. இராவணன் மீசைப் புல் காற்றில் பறக்கும் மணலைத் தன் முள்தூற்றில் தடுத்து மேடாக்குகிறது. கடற்கரையில் துப்புரவு செய்கிறோம் என்று இந்த இரண்டையும் வாரிக் கொட்டும்போது எனக்கு வயிறு எரியும். ஆனால் இவை உவர்மணலுக்கு உரியவை. உங்கள் ஆற்றுச் சரிவுக்கு இவற்றை எடுத்துச் செல்ல வேண்டாம். குலசேகரத்து நண்பர் சொன்னபடி அந்தந்த இடத்தில் நிற்பதையே நடுங்கள்.


கேள்வி கேட்டவர் (திருவட்டார்)

மூவருக்கும் மிக்க நன்றி. மகளிடம் பேசிவிட்டேன், குச்சி வராது. மார்த்தாண்டம் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் சரிவைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று மடல் இலையோடு அந்த வெடேலியா ஒரு பாய் அளவுக்கு ஏற்கெனவே வந்து நிற்கிறது. நேற்று முழுவதும் அதைக் கணு விடாமல் வாரி எடுத்து, சாக்கில் கட்டி, வெயிலில் தகரத்தின்மேல் போட்டிருக்கிறேன். முற்றும் காய்ந்த பிறகே எரிப்பேன்.

இன்று காலை மூவாற்றுமுகம் வரை ஆற்றோரமாக நடந்தேன். அலரி இலைபோன்ற நீண்ட இலையுள்ள புதர்கள் இரண்டு விதமாகக் கண்ணில் பட்டன. எது காட்டலரி என்று உறுதியாகத் தெரியவில்லை. வீட்டு அலரி நஞ்சு என்பதால் அச்சமாகவும் இருக்கிறது, பக்கத்தில் ஆடுகள் மேய்கின்றன. இன்னொரு ஐயம், செதுக்குவதை நிறுத்தினால் பாம்பு அடையாதா? பேரப்பிள்ளைகள் துறைக்கு இறங்கும் வழி அது.


மறுமொழி 4 (குலசேகரம்)

ஐயா, நஞ்சைப் பற்றி முதலில் எண்ணியது நல்லது. வீட்டு அலரியில் ஒரு கணுவிலிருந்து பெரும்பாலும் மூன்று இலைகள் சுற்றி எழும்பும், இலை தடித்துத் தோல்போல இருக்கும். காட்டலரியில் இலைகள் ஒன்று மாற்றி ஒன்றாகத் தண்டின் இருபுறமும் வரும். ஓர் இலையைப் பறித்துப் புரட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடிப்புறம் முழுவதும் மிகச் சிறிய செதில்கள், மீனின் தோலைத் தேய்த்தாற்போல, வெள்ளியும் பழுப்புமாய்ப் புள்ளியிட்டிருக்கும். பூவும் அலரியைப்போல் அகன்ற இதழோடு இராது. இலைக்கக்கத்தில் சிறு கதிராக, சிவந்த பொட்டுப்பொட்டாக இருக்கும். இந்த மூன்றும் பொருந்தினால் ஐயமில்லை. நீங்கள் கண்ட இரண்டில், இலை மிகச் சிறியதாகவும் பூ இளஞ்சிவப்பாகவும் பாறையோடு பாறையாகத் தாழ்ந்தும் நின்றது உண்டானால் அது கல்லூர்வஞ்சியாக இருக்கலாம். அதுவும் நம் ஆற்றுக்குரிய செடிதான், நீரோரப் பாறையிடுக்குகளுக்கு ஏற்றது.

நடும் காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். மற்ற கன்றுகளை மழைத் தொடக்கத்தில் நடுவது நம் வழக்கம். ஆற்றுச் சரிவில் அப்படி நட்டால் வேர் பிடிக்கும் முன்பே முதல் வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும். நமக்கு இரண்டு பருவமழை உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வடிந்து ஆறு தணியும் மார்கழிக் கடைசியிலோ தை முதலிலோ குச்சிகளை ஊன்றுங்கள். ஆனி மழைக்கு முன் வேர் இறங்க ஏறக்குறைய ஐந்து மாதம் கிடைக்கும். நீர்மட்டத்தை ஒட்டி நடுவதால் கோடையிலும் ஈரம் இருக்கும். மேல்வரிசைக்கு மட்டும் பங்குனி, சித்திரையில் வாரம் இரண்டு முறை நீர் ஊற்றினால் போதும்.

சுண்டுவிரல் கனமுள்ள முற்றிய தண்டை ஒரு முழ நீளத்துக்கு எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி, நீர் ஓடும் திசை நோக்கிச் சாய்த்து ஊன்றுங்கள். குத்திய குழியில் காற்று நிற்காமல் மண்ணை மிதித்து இறுக்குவது முக்கியம். ஒரு முழ இடைவெளியில், முன்வரிசையின் இடுக்குக்கு நேராகப் பின்வரிசை வரும்படி மூன்று வரிசை போதும். ஒரே புதரிலிருந்து எல்லாக் குச்சியையும் வெட்டாமல் பல புதர்களிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால், ஆண் செடியும் பெண் செடியும் கலந்து அமையும், தாய்ச்செடியும் மொட்டையாகாது. வேர் பிடிக்கும் வரை மண் கரையாமலிருக்க, தென்னை நார்ப் பாயை விரித்து மூங்கில் முளை அடித்துவிடுங்கள். அது சில ஆண்டுகளில் மட்கி மண்ணாகிவிடும். நைலான் வலை மட்டும் வேண்டாம், சாரைப்பாம்பும் உடும்பும் அதில் சிக்கிச் சாகும். உங்கள் பட்டா எல்லைக்கு அப்பால் உள்ளது ஆற்றுப் புறம்போக்கு. அங்கே குச்சி எடுப்பதற்கும் நடுவதற்கும் முன் நீர்வளத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

காட்டலரிக்கு வெயில் வேண்டும். தென்னை நிழல் விழும் மேல்சரிவில் அதை வற்புறுத்தாதீர்கள். வெயில் படும் இடத்தில் பொடுதலை, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வல்லாரையும் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் போதும். பொடுதலை கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு ஒட்டிப் படரும், காலால் மிதித்தாலும் தாங்கும். அதன் சிறு பூவில் சிறுதேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் மொய்ப்பதை நீங்களே பார்ப்பீர்கள். சிறகில் மயிற்கண் போன்ற பொட்டுள்ள செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று அதன் இலையிலும் நீர்முள்ளியின் இலையிலும் முட்டையிடும். ஆகவே புழு தின்ற ஓட்டையைக் கண்டு மருந்து தெளித்துவிடாதீர்கள்.

வில்லோ குடும்பத்துச் செடி ஒன்றாவது வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இன்னும் இருந்தால், மேட்டின் வேலியில் சொத்தைக்களாவை வையுங்கள். தாவரவியலார் இப்போது அதையும் வில்லோவின் குடும்பத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அந்த உறவைப் பூச்சியும் அறிந்திருக்கிறது. சிறுத்தையைப்போல் கரும்புள்ளியிட்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு ஆற்றுப்பாலையின் இலையையும் தின்னும், சொத்தைக்களாவின் இலையையும் தின்னும். பழம் பறவைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆகும்.

பாம்பைப் பற்றிய அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. நம் ரப்பர், தென்னைத் தோட்டங்களின் சருகில் குழிவிரியன் கிடப்பது உண்டு. நம் நாட்டு மருத்துவமனைகளில் உள்ள பொது நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்காகவே செய்யப்பட்டது, குழிவிரியன் கடிக்கு அது உரியதன்று. எனவே துறைக்கு இறங்கும் வழியை இரண்டு முழம் அகலத்துக்கு எப்போதும் செதுக்கி, படிக்கு வெளிறிய கல்லைப் பதித்து, இரவில் விளக்கில்லாமல் யாரும் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வழியின் இருபுறமும் பொடுதலை மட்டும் இருக்கட்டும், அது தாழ்ந்திருப்பதால் எது கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியும். புதர்கள் வழியிலிருந்து நாலைந்து முழம் தள்ளியே தொடங்கட்டும். மற்ற இடத்தில் செதுக்கும் இயந்திரத்தை இறக்க வேண்டாம்.

தை பிறந்து குச்சி வெட்டப் போகும் நாளை ஒரு வாரம் முன்னதாக இங்கே எழுதுங்கள். நானும் அரிவாளோடு வருகிறேன்.


கேள்வி கேட்டவர் (திருவட்டார்)

மிக்க நன்றி, தம்பி. இன்று மாலையே திரும்பப் போய் இலையைப் புரட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன வெள்ளிச் செதில் அப்படியே இருந்தது. எங்கள் விளைக்கு நேர் கீழே, நீருக்குள் நாலு புதர். நாற்பது ஆண்டுகளாக அவற்றைத் தாண்டித்தான் குளிக்க இறங்கியிருக்கிறேன். நார்ப்பாய்க்குச் சொல்லிவிட்டேன். தை முதல் ஞாயிறு தோதுப்படுமா என்று தெரிவியுங்கள்.